ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம், ஒரு பொய்யில் போகும் கிரீன் கார்டு

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய்து வை என்பார்கள் நம் ஊரில். மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டி, பெண்ணின் வயதை ஒன்றிரண்டு குறைத்துச் சொல்லி நடந்த கல்யாணங்கள் எத்தனையோ. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் இந்தப் பழமொழி அப்படியே தலைகீழாகிவிடும். அமெரிக்கக் குடிமகனைக் கல்யாணம் செய்துகொண்டவர் விசா காலம் முடிந்தும் தங்கியிருந்தால் மன்னிப்பார்கள். அனுமதி இல்லாமல் வேலை பார்த்ததைக்கூட மன்னிப்பார்கள். விசா வாங்கவோ உள்ளே நுழையவோ சொன்ன பொய்யை மட்டும் ஆயுள் முழுக்க மறக்க மாட்டார்கள்.

சுற்றுலா விசாவில், அதாவது பி-2 விசாவில் போய், அங்கேயே ஒரு அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து, ஊருக்குத் திரும்பாமலே கிரீன் கார்டு வாங்க முடியுமா? இதற்கு நம்மவர்களிடையே இரண்டு பதில்கள் உலவுகின்றன. 'ஐயையோ, அது சட்டவிரோதம்' என்பது ஒன்று. 'பேசாமல் டூரிஸ்ட் விசாவில் கிளம்பி வந்துவிடு, மற்றதை இங்கே பார்த்துக்கொள்ளலாம்' என்பது இன்னொன்று. இரண்டுமே தப்பு. ஆனால் இரண்டாவதில் பாதி உண்மை இருப்பதால் அதை நம்பித்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

அந்தப் பாதி உண்மையிலிருந்தே தொடங்கலாம். 1952இல் வந்த குடியேற்றம் மற்றும் குடியுரிமைச் சட்டத்தின் 245ஆம் பிரிவு, தற்காலிக விசாவில் உள்ளே வந்தவர் அங்கிருந்தபடியே நிரந்தரவாசியாக, அதாவது கிரீன் கார்டு பெற்றவராக மாற வழி செய்கிறது. அதற்கு முன்பெல்லாம் இப்படி மாற நினைத்தவர்கள் கனடாவுக்கு ஒரு நடை போய், அங்குள்ள அமெரிக்கத் தூதரகத்தில் குடியேற்ற விசா வாங்கிக்கொண்டு திரும்பி வர வேண்டியிருந்தது. அந்த அலைச்சலை நிறுத்தத்தான் இந்தப் பிரிவு. இன்று ஐ-485 என்ற படிவத்தில் செய்யும் விண்ணப்பம் இதன் கீழ்தான் வருகிறது. அடிப்படையான நிபந்தனை, விண்ணப்பிப்பவர் எல்லையில் அதிகாரி முன் நின்று, முறைப்படி உள்ளே விடப்பட்டவராக இருக்க வேண்டும் என்பது. பி-2 முத்திரையோடு வந்தவருக்கு அதில் சிக்கல் இல்லை.

அதே பிரிவின் உட்பிரிவு ஒன்று, யாருக்கெல்லாம் இந்தச் சலுகை கிடையாது என்று பட்டியல் போடுகிறது. விசா நிபந்தனையை மீறியவர், காலம் கடந்து தங்கியவர், அனுமதியின்றி வேலை பார்த்தவர் எல்லாரும் அதில் உண்டு. ஆனால் குடிமக்களின் 'நெருங்கிய உறவினர்' என்ற வகைக்கு இந்தத் தடைகள் பொருந்தாது என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறது. கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்கு உட்பட்ட மணமாகாத பிள்ளைகள், 21 வயது நிறைந்த குடிமகனின் பெற்றோர் ஆகியோர்தான் அந்த வகை. இவர்களுக்கு ஆண்டு எண்ணிக்கை வரம்பும் இல்லை, வரிசையும் இல்லை. ஆறு மாத அனுமதியில் வந்து இரண்டு வருடம் தங்கிவிட்டு, பிறகு ஒரு குடிமகளைக் கல்யாணம் செய்துகொண்ட ஒருவருக்கும் கிரீன் கார்டு கிடைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் நம்பலாம். சட்டப்படியே கிடைத்திருக்கும்.

இங்கே ஒரு வார்த்தையைக் கவனிக்க வேண்டும்: குடிமகன். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவரின் மனைவி இந்த வகையில் வரமாட்டார். அவர் எஃப்-2ஏ என்ற வரிசையில் நிற்க வேண்டும், முறை வரும் வரை சட்டபூர்வ நிலையையும் இழக்கக் கூடாது. வரிசை வருடக்கணக்கில் நீளும்போது ஆறு மாத டூரிஸ்ட் அனுமதியை வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியமில்லை. 'அவன் கிரீன் கார்டு ஹோல்டர், அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான்' என்று கல்யாண வீட்டில் சொல்லும்போது யாரும் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

சரி, இவ்வளவு தாராளமான சட்டத்தில் ஆபத்து எங்கே? உள்ளே நுழைந்த விதத்தில்.

பி-2 கேட்கும் ஒவ்வொருவரையும் அமெரிக்கச் சட்டம், குடியேறவே வருகிறார் என்று முன்கூட்டியே சந்தேகப்படுகிறது. 214(பி) என்று விசா மறுப்புச் சீட்டில் பார்த்திருப்பீர்களே, அந்தப் பிரிவு இதுதான். இல்லை, திரும்பி வருவேன் என்று காட்ட வேண்டிய பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. எச்-1பி, எல்-1 என்ற வேலை விசாக்காரர்கள் மனதில் குடியேறும் எண்ணத்தை வைத்துக்கொண்டே வரலாம், அவர்களுக்கு அது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. பி-2காரருக்கு அந்த இரட்டை எண்ணம் கிடையாது.

இந்த இடத்தில் பலர் கவனிக்காத பொறி ஒன்று உண்டு. விசாவுக்கு நிரப்பும் டிஎஸ்-160 படிவத்தில், அமெரிக்காவில் உங்கள் நெருங்கிய உறவினர் யாராவது இருக்கிறார்களா என்ற கேள்வி வரும். கணவன், மனைவி, பிள்ளை, உடன்பிறந்தோர் மட்டுமல்ல, நிச்சயிக்கப்பட்டவரும் அந்தப் பட்டியலில் உண்டு. ஏஜெண்ட் உட்கார்ந்து கடகடவென்று 'இல்லை' என்று தட்டிவிட்டுப் போயிருப்பார். கையெழுத்து உங்களுடையது. சில மாதங்கள் கழித்து அந்த 'இல்லை'யில் இருந்தவரையே மணந்துகொண்டு ஐ-485 போடும்போது, விசாவுக்காகப் பொய் சொன்னீர்களா என்ற கேள்வி அதே படிவத்தில் காத்திருக்கும்.

இரண்டு பெண்களை நினைத்துப் பார்ப்போம். ஒருத்தி கோவையிலிருந்து நியூ ஜெர்சியில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போகிறாள். அங்கே அக்காவின் நண்பர் வட்டத்தில் ஒருவரைச் சந்திக்கிறாள், பிடித்துப்போகிறது, நான்காவது மாதம் கல்யாணம். விமான நிலையத்தில் 'அக்காவைப் பார்க்க வந்தேன், ஆறு மாதத்துக்குள் திரும்புவேன்' என்று அவள் சொன்னது அன்று உண்மை. மனம் பிறகு மாறியது. சட்டத்தின் பார்வையில் இவளிடம் பிழையில்லை.

இன்னொருத்திக்கு ஊரிலேயே நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை அமெரிக்கக் குடிமகன். கோயிலில் தேதிகூடக் குறித்தாகிவிட்டது. பெட்டியில் கூறைப்புடவை இருக்கிறது. கவுண்ட்டரில் அதே வாக்கியத்தைச் சொல்கிறாள்: 'அக்காவைப் பார்க்க வந்தேன்.' இருவரும் போடும் படிவங்களும் ஒன்று, கட்டும் பணமும் ஒன்று. ஆனால் இவள் சொன்னது சட்டத்தின் 212ஆம் பிரிவில் வரும் வேண்டுமென்றே செய்த தவறான தகவல். அதற்கு ஆயுள் முழுக்கத் தடை. தப்பிக்க ஐ-601 என்ற மன்னிப்பு மனு ஒன்று உண்டு. அதற்குக் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்கும் கணவனோ பெற்றோரோ அளவுக்கு மீறிய துன்பம் அனுபவிப்பார்கள் என்று நிரூபிக்க வேண்டும். பிரிவுத் துயரம் மட்டும் போதாது.

இவள் கவுண்ட்டரிலேயே மாட்டிக்கொண்டால் கதை இன்னும் சீக்கிரம் முடியும். எல்லையில் போனைத் திறந்து வாட்ஸ்அப்பைப் பார்க்கும் அதிகாரம் அதிகாரிகளுக்கு உண்டு. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த செய்தி ஒன்று போதும். நீதிபதி முன் நிற்காமலே, அங்கேயே உத்தரவு போட்டு அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பலாம். அப்படி அனுப்பப்பட்டவர் ஐந்து வருடம் உள்ளே வர முடியாது. பொய் சொன்னதாகவும் பதிவாகிவிட்டால் அந்தத் தடை தனி.

இந்த இடத்தில்தான் '90 நாள் விதி' என்ற பேச்சு வரும். வந்து 90 நாள் கழித்துக் கல்யாணம் செய்தால் பிரச்சினை இல்லை என்பது பரவலான நம்பிக்கை. 2017 செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக அதிகாரிகளுக்கான கையேட்டில் ஒரு வழிகாட்டுதலைச் சேர்த்தது. சுற்றுலாப் பயணியாக வந்தவர் 90 நாளுக்குள் கல்யாணம் செய்து அங்கேயே குடியிருக்கத் தொடங்கினால், வரும்போதே பொய் சொல்லியிருக்கிறார் என்று ஊகித்துக்கொள்ளலாம் என்றது. அதற்கு முன்பு 30, 60 நாள் கணக்கு ஒன்று இருந்தது. இது ஊகம்தான், ஆதாரம் காட்டி உடைக்கலாம். தவிர, அமெரிக்காவுக்குள் கிரீன் கார்டு விண்ணப்பத்தைப் பார்ப்பது யுஎஸ்சிஐஎஸ் என்ற வேறு துறை. இந்த விதி தங்களைக் கட்டுப்படுத்தாது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே 91ஆம் நாள் யாரையும் காப்பாற்றாது. ஊரிலேயே தேதி குறித்துவிட்டு வந்தவள் ஐந்தாவது மாதம் தாலி கட்டிக்கொண்டாலும் சொன்னது பொய்தான்.

வழக்கறிஞர்கள் இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்வார்கள், அது முக்கியமானது. குடியேறும் எண்ணம் மனதில் இருந்தது என்பது ஒன்று, அதை மறைத்துப் பொய் சொன்னது இன்னொன்று. குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 1980இல் கவாசோஸ் வழக்கில், குடிமகனின் நெருங்கிய உறவினருக்கு வேறு பாதகமான விஷயம் எதுவும் இல்லையென்றால், முன்கூட்டிய எண்ணம் இருந்தது என்பதற்காக மட்டும் விண்ணப்பத்தை மறுக்கலாகாது என்று சொன்னது. யாரும் கேட்கவில்லை, அவரும் பொய் சொல்லவில்லை என்றால் பிழைத்துக்கொள்ளலாம். நடைமுறையில் அது கயிற்றின்மேல் நடப்பது. டிஎஸ்-160 ஏற்கெனவே கேட்டுவிட்டது, கவுண்ட்டரில் இன்னொருவர் கேட்கத்தான் போகிறார்.

பிரிட்டன், சிங்கப்பூர், பிரான்ஸ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களுக்கு விசாவே வேண்டாம், எஸ்டா என்ற இணையவழி முன் அனுமதி போதும் என்பது வசதி போலத் தெரியும். 90 நாள் அனுமதிக்கு ஈடாக, வெளியேற்றினால் எதிர்த்து வழக்காட மாட்டேன் என்று அவர்கள் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். குடிமகனை மணந்தால் அவர்களும் விண்ணப்பிக்கலாம். மறுக்கப்பட்டால், பி-2காரருக்குக் கிடைக்கும் நீதிபதி முன்னான விசாரணை அவர்களுக்குக் கிடைக்காது.

விண்ணப்பம் போட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். குடிமகன் தன் துணைக்காகப் போடும் ஐ-130 மனுவும் ஐ-485உம் ஒரே கட்டாகப் போகும். 2024 ஏப்ரலில் வந்த கட்டணப் பட்டியல்படி காகிதத்தில் போட்டால் முதலாவதற்கு 675 டாலர், இரண்டாவதற்கு 1,440. காத்திருக்கும் காலத்தில் வேலை பார்க்க அனுமதி வேண்டுமென்றால் 260, வெளிநாடு போய்வர முன் அனுமதி வேண்டுமென்றால் 630. மொத்தம் 3,005 டாலர், மருத்துவப் பரிசோதனையும் வழக்கறிஞரும் தனி. வேலை அனுமதி கைக்கு வரும் வரை சம்பாதிக்க முடியாது.

கட்டணத்தைவிடக் கொடுமையானது பயணத் தடை. பி-2இல் வந்து விண்ணப்பித்தவர் முன் அனுமதி கிடைப்பதற்கு முன்னால் நாட்டைவிட்டு வெளியே கால் வைத்தால், ஐ-485ஐக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். மதுரையில் அம்மா ஐசியூவில் இருக்கிறார் என்ற போன் வரும்போதுதான் இந்த விதியின் எடை தெரியும். காலம் கடந்து தங்கியவராக இருந்தால் இன்னொரு கத்தியும் தொங்குகிறது: 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாக இருந்துவிட்டு வெளியேறினால் மூன்று வருடத் தடை, ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆனால் பத்து வருடத் தடை. உள்ளே இருக்கும் வரை மன்னிப்பு, வெளியே போனால் தண்டனை என்ற இந்த விசித்திரம் 1996ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது. முன் அனுமதியோடு போய்வருவதை இந்தப் பத்து வருடத் தடைக்கான 'வெளியேறுதல்' என்று கொள்ள முடியாது என 2012இல் மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைக் கொண்டுபோன இருவரும் இந்தியக் குடிமக்கள். அரபெல்லி, யெரபெல்லி என்ற அவர்களின் பெயரைத்தான் இன்றும் அமெரிக்க வழக்கறிஞர்கள் கஷ்டப்பட்டு உச்சரிக்கிறார்கள்.

மன்னிப்பு என்ற சொல்லைக்கூட இப்போது கொஞ்சம் தயக்கத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. விண்ணப்பம் மறுக்கப்பட்டு, தங்கியிருக்கச் சட்டபூர்வ நிலையும் இல்லாதவர்களுக்கு வெளியேற்ற வழக்கின் நோட்டீஸ் கொடுக்கலாம் என்று 2025 பிப்ரவரியில் யுஎஸ்சிஐஎஸ் தன் கொள்கையை இறுக்கியது. அந்த நவம்பரில் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் கிரீன் கார்டு நேர்காணலுக்கு வந்த குடிமக்களின் துணைவர்கள் சிலரை, விசா காலம் கடந்து தங்கியதற்காக அங்கேயே கைது செய்தார்கள். சட்டத்தின் எழுத்து மாறவில்லை. காலம் கடந்து தங்குவது கிரீன் கார்டுக்குத் தடை இல்லை என்பதும், கைது செய்ய அது காரணமாகலாம் என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கின்றன. எனவே ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் இருக்கும் தேதி முடிவதற்குள் விண்ணப்பித்துவிடுவது முன்னெப்போதையும்விட முக்கியம்.

இத்தனை தலைவலிக்கு மாற்று என்ன? ஊரில் கல்யாணம், குடிமகன் ஐ-130 மனு, பிறகு மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகலாம். ஆனால் செலவு ஏறக்குறைய பாதிதான். விமானம் இறங்கியதுமே நிரந்தரவாசி, மறுநாளே வேலைக்குப் போகலாம். மறைக்க எதுவும் இல்லை. காத்திருக்கும் காலத்தில் கணவனைப் பார்த்துவர பி-2 கேட்பதையும் சட்டம் தடுக்கவில்லை, உண்மையைச் சொல்லிக் கேட்க வேண்டும், கிடைப்பது கடினம் என்பது வேறு விஷயம். ஊரிலேயே நிச்சயமான ஜோடிக்கு டூரிஸ்ட் விசா வழியை யோசிக்கவே காரணமில்லை என்பதுதான் என் கருத்து. மிச்சமாவது சில மாதங்கள், பணயம் வைப்பது ஆயுள்.

நிச்சயிக்கப்பட்டவர்களுக்கு கே-1 என்ற தனி விசாவும் இருக்கிறது. போய்ச் சேர்ந்து 90 நாளுக்குள் கல்யாணம் நடக்க வேண்டும். நம் ஊர் நிச்சயதார்த்தம் இதில் வேடிக்கையான சிக்கலைக் கொண்டுவரும். மாலை, மோதிரம், மேடை, முந்நூறு பேர் பந்தி என்று நடக்கும் நிச்சயத்தின் புகைப்படத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு அது கல்யாணமாகவே தெரியும். கல்யாணம் ஆகிவிட்டதென்றால் கே-1 கிடையாது. கல்யாணப் பதிவுச் சான்றிதழ் இல்லாததால் மனைவிக்கான விசாவும் கிடையாது.

இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ சேர்ந்து வாழ நினைக்கும்போது ஊரில் கல்யாணம் என்று மேலே சொன்ன மாற்று வழி அவர்களுக்கு அடைபட்டிருக்கிறது. 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் வின்ட்சர் தீர்ப்புக்குப் பிறகு அமெரிக்கக் குடியேற்றத் துறை தன்பாலினத் திருமணங்களை ஏற்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் அந்த உரிமையை அங்கீகரிக்க மறுத்துவிட்டது. அப்படி ஒரு ஜோடிக்கு ஊரில் கல்யாணப் பதிவு என்பதே இல்லை. கே-1 அல்லது வேறொரு நாட்டில் கல்யாணம் என்று போக வேண்டியிருக்கிறது.

நேர்காணலில் அதிகாரி தேடுவது ஒன்றைத்தான்: சேர்ந்து வாழவே கல்யாணம் செய்தார்களா, கார்டுக்காகவா? சந்தேகம் வந்தால் இருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்து ஒரே கேள்விகளைக் கேட்பார்கள். போலிக் கல்யாணம் என்று முடிவானால் அதன்பிறகு யார் மனு போட்டாலும் ஏற்கக் கூடாது என்கிறது 204(சி) பிரிவு. ஐந்து வருடச் சிறையும் இரண்டரை லட்சம் டாலர் அபராதமும் வரை போகலாம். பத்து நாளில் பெண் பார்த்து முடித்த கல்யாணம் அந்த ஊர் அதிகாரிக்கு விநோதமாகத் தெரியலாம். ஆனால் இரு வீட்டுப் பெரியவர்கள் பெயர் அச்சிட்ட பத்திரிகையும், தூக்கத்தில் எழுந்து வந்ததுபோல் வரிசையாக நிற்கும் அதிகாலை முகூர்த்தக் குடும்பப் படமும் நல்ல சாட்சிகள்.

கல்யாணம் எங்கே நடந்ததோ அந்த ஊர்ச் சட்டப்படி செல்லுமா என்றுதான் பார்ப்பார்கள். ஐயர் இல்லாமல் மாலை மாற்றி நடந்த சுயமரியாதைத் திருமணத்தை இந்துத் திருமணச் சட்டத்தில் 1967இல் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவு தமிழ்நாட்டில் செல்லுபடியாக்கியது, ஆகவே அங்கேயும் செல்லும். ஆனால் பதிவுச் சான்றிதழ் வேண்டும். அமெரிக்கக் கோயில் ஒன்றில் தாலி கட்டுபவர்களும், முன்னதாகவே உள்ளூர் அலுவலகத்தில் திருமண உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அப்புறம் பெயர். இனிஷியலோடு வாழ்ந்து பழகிய நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயரை ஒரே கட்டத்தில் போட்டவர்களின் அமெரிக்க விசாவில் முதல் பெயர் 'எஃப்என்யூ' என்று அச்சாகும், முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். கிரீன் கார்டு வரை அது கூடவே வந்து, மளிகைக்கடை அட்டையில்கூட 'மிஸ்டர் எஃப்என்யூ' ஆனவர்கள் உண்டு.

கார்டு கிடைக்கும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருடம் நிறையவில்லையென்றால், வருவது இரண்டு வருட நிபந்தனைக் கார்டு. 1986இல் போலிக் கல்யாணங்களைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் நிபந்தனையை நீக்கக் கோரி இருவரும் சேர்ந்து ஐ-751 போட வேண்டும். கணவன் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மிரட்டினால் என்ன செய்வது என்று பயந்து அடி வாங்கிக்கொண்டிருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். விவாகரத்து ஆகியிருந்தாலோ கொடுமை நடந்திருந்தாலோ தனியாகவே ஐ-751 போடலாம். கார்டுக்கே இன்னும் விண்ணப்பிக்காத நிலையில் கொடுமை நடந்தால், 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி கணவனுக்குத் தெரியாமல் தானே மனு போடவும் வழி உண்டு. மனைவியின் செலவுக்குப் பொறுப்பேற்றுக் கணவன் கையெழுத்திட்ட ஐ-864 ஆதரவுப் பத்திரமும் விவாகரத்தோடு முடிந்துபோவதில்லை. இதைக் கல்யாணத்துக்கு முன்பே பெண் வீட்டார் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, இந்தச் சட்டத்தை நம் குடும்பங்கள் கல்யாணத்தைவிட அதிகமாகச் சந்திப்பது வேறொரு வாசலில். மகளுக்குப் பேறுகாலம் பார்க்க பி-2இல் வரும் அம்மாவும் நெருங்கிய உறவினர்தான். மகள் குடிமகளாக இருந்தால் அவருக்கும் இதே ஐ-130, இதே ஐ-485, கவுண்ட்டரில் இதே கேள்வி. 'எத்தனை நாள் இருப்பீர்கள்?' என்று கேட்கும்போது, ஆறு மாதம் என்று அந்த அம்மா சத்தியமாக நம்பிச் சொல்கிறார். அவரை இங்கேயே வைத்துக்கொள்வது என்று மகளும் மருமகனும் எப்போது முடிவு செய்தார்கள் என்பது பல வீடுகளில் அவருக்கே கடைசியாகத்தான் தெரிகிறது.